ஊர்ல கட்டுற வீட்டுக்கு வெள்ளை குவார்ட்ஸ் மேடை தேவையா? கறை, சூடு, இஎம்ஐ மூணையும் கணக்கு போடுவோம்



வீட்டுக் கடன் வீடியோ போட்டா வட்டி பத்தி, முன்கூட்டியே கட்டுறது பத்திதான் கேள்வி வரும்னு நினைச்சிருந்தோம். வந்ததுல பாதி கிச்சன் மேடை பத்தின கேள்வி! கிரானைட்டா, குவார்ட்ஸா, கறை படியுமா, படிஞ்சா போகுமா?

அதுல ஒரு கேள்வி ஆனைக்குட்டத்துல வீடு கட்டுற ஒரு தம்பியோடது. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில, அர்ஜுனா நதியில அணை இருக்கிற ஊர். தம்பிக்கு சென்னையில வேலை, சம்பளம் 40 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழ. ஊர்ல அப்பா அம்மாவுக்காக வீடு. மாடுலர் கிச்சன் போடுறவர் வெள்ளை குவார்ட்ஸ் மேடையோட கொட்டேஷன் கொடுத்திருக்கார். "கறையே படியாது சார், வாழ்நாள் கியாரண்டி"ன்னு சொல்லியிருக்கார். ஆனா சித்தி வீட்டுல அதே மாதிரி வெள்ளை மேடையில அடுப்பைச் சுத்தி மஞ்சளா ஒரு வளையம். ரெண்டுல எதை நம்புறதுன்னு கேக்குறார்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். குவார்ட்ஸ் மோசமான பொருள் இல்லை. கையில காசு இருந்து, பிடிச்சிருந்தா தாராளமா போடுங்க. ஆனா கடன் வாங்கி, ஊர்ல அம்மா தினமும் மூணு வேளை சமைக்கிற அடுப்புக்குப் பக்கத்துல வெள்ளை குவார்ட்ஸ் போடறது தேவையில்லாத செலவு. ஏற்கனவே போட்டாச்சுன்னா கவலைப்படாதீங்க. கறை எடுக்கிறதுக்குன்னு கடையில இருக்கிற பாட்டில் எல்லாம் வாங்கி அடுக்காதீங்க. வீட்டுல இருக்கிறதே போதும்.

ஏன்னு விவரமா பார்ப்போம்.

கல்லும் பிசினும் சேர்ந்த பலகை

குவார்ட்ஸ் மேடைன்னு விக்கிறது மலையில இருந்து அப்படியே வெட்டி எடுக்கிற கல் இல்லை. குவார்ட்ஸ் கல்லை நொறுக்கி, அதோட பாலியஸ்டர் பிசினும் நிறமியும் கலந்து, காத்தை உறிஞ்சி எடுத்து, அழுத்தி, சூடு காட்டி இறுக்கின பலகை. எடையில 90 சதவீதத்துக்கு மேல கல், மிச்சம் பிசின். இத்தாலியில 1963-ல ஆரம்பிச்ச பிரெட்டன்ங்கிற கம்பெனி உருவாக்கின முறை இது. இன்னைக்கு நம்ம விசாகப்பட்டினம் பக்கத்துலயே பெரிய ஆலை இருக்கு, அங்கிருந்து அமெரிக்கா வரைக்கும் ஏற்றுமதி ஆகுது.

இதை ஏன் சொல்றேன்னா, மேடையில நடக்கிற நல்லது கெட்டது ரெண்டுமே அந்தப் பிசினாலதான். பிசின் இடைவெளியை அடைச்சிடறதால தண்ணியும் எண்ணெயும் சுலபமா உள்ளே இறங்காது. அதனால குவார்ட்ஸுக்கு சீலர் தேவையில்லை. அதே பிசின் ஒரு வகை பிளாஸ்டிக்ங்கிறதால மஞ்சள் மாதிரி சாயத்தைப் பிடிச்சு வச்சுக்கும், சூடு தாங்காது, நாள் கணக்கா நேர் வெயில் பட்டா நிறம் மாறும். உங்க வீட்டு பிளாஸ்டிக் டப்பாவுல சாம்பார் வச்சு எடுத்திருந்தா நான் சொல்றது புரியும்.

கம்பெனி கையேட்டை எடுத்துப் படிச்சா, "கறையைத் தாங்கும்"னுதான் இருக்கும். "கறையே படியாது"ங்கிறது விக்கிறவர் வாயில இருந்து வர்ற வார்த்தை. கியாரண்டி அட்டையைத் திருப்பிப் பாருங்க. சூட்டால வர்ற சேதம், கெமிக்கலால வர்ற சேதம், தப்பா பயன்படுத்தினதால வர்ற சேதம் எல்லாத்துக்கும் பொதுவா விலக்கு இருக்கும். நம்ம சமையலறையில வேற என்ன சேதம் வரப்போகுது சொல்லுங்க!

இன்னொரு விஷயம். கடையில "நானோ ஒயிட்"னு ஒண்ணு காட்டுவாங்க. அது கண்ணாடி வகை. பளபளன்னு இருக்கும், ஓரம் சுலபமா உடையும். குவார்ட்ஸ் வேற, அது வேற. பில்லுல எது எழுதியிருக்குன்னு பார்த்து வாங்குங்க.

மஞ்சள் கறை: சோப்பு போட்டதும் சிவக்குதே, ஏன்?

நம்ம ஊர் மேடைக்கு முதல் எதிரி மஞ்சள்தூள். மஞ்சளோட நிறத்துக்குக் காரணமான குர்குமின் தண்ணியில கரையாது. எண்ணெயிலயும் ஆல்கஹாலிலயும் கரையும். தாளிக்கும்போது தெறிக்கிற சூடான எண்ணெயில மஞ்சள் கரைஞ்சு வந்து மேடையில உக்காருது. வெறும் தண்ணியில துடைச்சா எண்ணெயும் போகாது, மஞ்சளும் போகாது.

அப்புறம் நடக்கிறதுதான் பெரிய சேதம். துணி சோப்பை எடுத்துத் தேய்ப்பாங்க. மஞ்சள் கறை சடார்னு செம்மண் நிறத்துக்கு மாறும். "ஐயோ, கல்லே போச்சு"ன்னு கம்பி நாரை எடுப்பாங்க. பத்து நிமிஷம் தேய்ச்சா கறை போயிருக்கும், அந்த இடத்துப் பளபளப்பும் சேர்ந்து போயிருக்கும். மங்கிப் போன அந்த வட்டம் அப்புறம் எதுக்கும் மசியாது. கறையா இருந்திருந்தா எடுத்திருக்கலாம். கல்லைத் தேய்ச்சுட்டா ஒண்ணும் பண்ண முடியாது.

அந்தச் சிவப்பு உங்களுக்குப் புதுசு இல்லை. ஆரத்தித் தட்டுல மஞ்சள் தண்ணியில கொஞ்சம் சுண்ணாம்பு கலந்தா சிவக்குதே, அதேதான். சுண்ணாம்பு காரம், துணி சோப்பும் காரம். காரம் பட்டா மஞ்சள் சிவக்கும், எலுமிச்சை பட்டா மறுபடி மஞ்சளாகும். கல்லுக்கு ஒண்ணும் ஆகலை.

சரி, எப்படி எடுக்கிறது? முதல்ல பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணி, மெத்துனு இருக்கிற பஞ்சு. எண்ணெயை எடுத்தாலே பாதி மஞ்சள் கூடவே வந்துடும். மிச்சம் இருந்தா ஆப்ப சோடாவைத் தண்ணியில குழைச்சு கறை மேல அப்பி கால் மணி நேரம் விடுங்க. சோடாவும் லேசான காரம்தான், அதனால குழைச்சது கொஞ்சம் சிவக்கலாம். பதறாம ஈரத்துணியால துடைச்சு எடுங்க.

அதுக்கும் போகலைன்னா ஐபிஏ. ஐசோபுரோபைல் ஆல்கஹால். சிவகாசி பக்கத்து ஆளுங்களுக்கு இதை அறிமுகப்படுத்தவே வேண்டாம், ஆஃப்செட் பிரஸ்ல தண்ணியோட கலந்து ஓட்டுறதே அதுதான். மத்தவங்களுக்கு மெடிக்கல் ஷாப்ல கிடைக்கும். வெள்ளைத் துணியில கொஞ்சம் நனைச்சு, கறை மேல ஒத்தி எடுங்க. மஞ்சள் துணிக்கு வர்றதைக் கண்ணால பார்க்கலாம். பால்பாயின்ட், மார்க்கர் பேனா கறைக்கும் இதேதான். ஒரே ஒரு எச்சரிக்கை: அது தீப்பிடிக்கிற பொருள். அடுப்பு, ஊதுபத்தி எதுவும் எரியக்கூடாது, ஜன்னல் திறந்திருக்கணும். பட்டாசு ஊர்ல இதை ரெண்டு தடவை சொல்லத் தேவையில்லை.

இவ்வளவுக்கு அப்புறமும் லேசா ஒரு மஞ்சள் நிழல் இருந்தா அப்படியே விட்டுடுங்க. வெள்ளைச் சட்டையில பட்ட மஞ்சளை அம்மா துவைச்சு வெயில்ல காயப்போட்டு மறைய வைப்பாங்க இல்லையா? குர்குமின் வெளிச்சம் பட்டா வெளுக்கும். ஜன்னல் வெளிச்சம் வர்ற மேடையில கொஞ்ச நாள்ல அதுவே மங்கிடும். காசு செலவாகாத ஒரே கிளீனர் அதுதான்.

டீ, காபி, பீட்ரூட், புளிக்கரைசல் எல்லாம் இந்த அளவுக்குப் படுத்தாது. அன்னைக்கே துடைச்சா போயிடும். ராத்திரி முழுக்க காய விட்டா லிக்விடும் சோடாவும் போதும்.

கறைன்னு நினைக்கிற நிறைய விஷயம் கறையே இல்லை

குழாயைச் சுத்தி வெள்ளையா, சொரசொரப்பா ஒரு படிவம் வரும். கறுப்பு கிரானைட்டுல பளிச்சுனு தெரியும், வெள்ளை குவார்ட்ஸ்ல விளக்கு வெளிச்சத்துல சாம்பலா தெரியும். அது உப்பு. விருதுநகர் மாவட்டத்துல போர்த் தண்ணி எப்படி இருக்கும்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியும், பக்கெட் அடியிலயும் ஷவர் துவாரத்துலயும் பார்த்திருப்பீங்க. தண்ணி ஆவியாகிப் போகும், கால்சியம் தங்கிடும். நாள்பட இறுகி ஒரு தோல் மாதிரி ஆகும். அந்தத் தோல் மேலதான் எண்ணெயும் டீயும் ஒட்டுது. "குவார்ட்ஸ்ல கறை பிடிச்சிடுச்சு"ன்னு சொல்ற பல மேடையில கறை பிடிச்சிருக்கிறது கல்லை இல்லை, கல் மேல இருக்கிற உப்பை.

இதுக்கு அரை எலுமிச்சம்பழம் போதும். இல்லைன்னா சமையல் வினிகர்ல பாதிக்குப் பாதி தண்ணி. துணியில நனைச்சு அஞ்சு பத்து நிமிஷம் போட்டு வைங்க, நகத்தால கீறாம பஞ்சால துடைங்க, அப்புறம் நல்ல தண்ணியில கழுவுங்க. பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்குற அதே வேதியியல்தான். ராத்திரி முழுக்க ஊற வைக்காதீங்க. உங்க மேடை மார்பிளா இருந்தா எலுமிச்சையைப் பக்கத்துலயே கொண்டு போகாதீங்க, மார்பிளே அரிச்சுப் போகும்.

வராம தடுக்கிறது இன்னும் சுலபம். ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சதும் ஒரு காய்ஞ்ச துணியால தண்ணியைத் துடைச்சு எடுக்கணும். அவ்வளவுதான். மைக்ரோ ஃபைபர் துணி, ஆன்லைன் ஆஃபர் எல்லாம் வேண்டாம். அப்பாவோட பழைய பருத்தி வேட்டியை நாலா கிழிச்சா ஒரு வருஷம் ஓடும்.

அலுமினியச் சட்டியை இழுத்து நகர்த்தினா பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிறக் கோடு விழும். இது கீறல் இல்லை. கல் கடினம், அலுமினியம் மென்மை, அதனால உலோகம் தேய்ஞ்சு கல் மேல ஒட்டியிருக்கு. ஆப்ப சோடாவை ஈரத்துணியில தொட்டு லேசா துடைச்சா வந்துடும்.

போடவே கூடாதது: பாத்ரூம் ஆசிட், டைல்ஸ் ஆசிட், பெயின்ட் எடுக்கிற கெமிக்கல், கம்பி நார். பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு ஊற வைக்கிற பழக்கமும் வேண்டாம், நிறமி வெளுத்துடும். பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் ஒண்ணா சேர்ந்தா குளோரின் வாயு வரும். ஜன்னல் இல்லாத சின்ன சமையலறையில அது உயிருக்கே ஆபத்து. மேடை சுத்தம் பண்றப்போ சிங்க்கையும் சேர்த்துப் பண்ணலாம்னு ரெண்டையும் எடுக்கிற வீடுகள் நிறைய இருக்கு. வீட்டுல ஒரு தடவை சொல்லி வைங்க.

"நானோ கோட்டிங் அடிச்சுத் தர்றோம் சார், அஞ்சு வருஷம் கவலை இல்லை"ன்னு தனியா ஒரு பில் போடுவாங்க. குவார்ட்ஸுக்கு அது தேவையில்லை. மேல ஒரு படலம் போட்டா கறை அந்தப் படலத்துல பிடிக்கும், படலம் திட்டுத்திட்டா உரியும், பிறகு அதை எடுக்க ஒரு சர்வீஸ் சார்ஜ். அந்தக் காசுக்கு அம்மாவுக்கு ஒரு நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி மாட்டுங்க. எண்ணெய்ப் புகை மேடையில படியறதே குறையும்.

சூடு பட்டா திரும்பாது

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சரி பண்ணக்கூடிய விஷயம். இப்போ சரி பண்ண முடியாத ஒண்ணு.

குவார்ட்ஸ்ல இருக்கிற பிசின் சுமார் 150 டிகிரி செல்சியஸுக்கு மேல போனா கெட்டுப் போக ஆரம்பிக்கும். முதல்ல மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகும், சில சமயம் விரிசலும் விடும். கொதிக்கிற சாம்பார் 100 டிகிரியைத் தாண்டாது, அதனால சாம்பார்ப் பாத்திரம் பெரிய ஆபத்து இல்லை. ஆனா வடை சுடற எண்ணெய் 170, 180 டிகிரியில இருக்கும். காய்ஞ்ச இரும்பு தோசைக்கல் 200-ஐ சாதாரணமா தாண்டும். அதை அடுப்புல இருந்து எடுத்து மேடையில வச்சா ஒரு நிமிஷமே போதும்.

தம்பியோட சித்தி வீட்டுல அடுப்பைச் சுத்தி இருக்கிற வளையம் மஞ்சள்தூளா, சூடா? வெள்ளைத் துணியில ஐபிஏ தொட்டு ஒத்திப் பாருங்க. துணியில மஞ்சள் வந்தா கறை. துணி வெள்ளையாவே இருந்து, வளையத்தோட அளவு ஏதாவது ஒரு பாத்திரத்தோட அடிப்பக்கத்துக்குச் சரியா பொருந்தினா சூடு. சூட்டால வந்த நிறமாற்றத்தைக் கழுவி எடுக்க முடியாது, ஏன்னா அது பிசினே கருகினது. "எடுத்துத் தர்றேன்"னு யாராவது சொன்னா காசு கொடுக்காதீங்க.

இதைத் தடுக்கிறதுக்கு ஒரு பிரிமணை போதும். நம்ம பாட்டிங்க பானை வைக்க வைக்கோல்லயும் கயித்துலயும் பின்னி வச்சிருந்தாங்களே, அதேதான். கடையில மரத்துலயும் கம்பியிலயும் கிடைக்கும். அடுப்புக்கு ரெண்டு பக்கமும் நிரந்தரமா ஒண்ணு ஒண்ணு கிடக்கட்டும். தேடி எடுத்து வைக்கணும்னா அவசரத்துல யாரும் எடுக்க மாட்டாங்க.

இங்கேதான் என் மறுப்பு ஆரம்பிக்குது. நம்ம அம்மா முப்பது வருஷமா சிமெண்ட் மேடையிலயோ கடப்பாக்கல்லுலயோ தோசைக்கல்லைத் தட்டுனு இறக்கி வச்சுப் பழகினவங்க. நாம சென்னையில இருந்து மாசத்துக்கு ஒரு தடவை போய், "அம்மா, அதை அங்க வைக்காத, இதைத் துடை, அந்தச் சோப்பு போடாத"ன்னு சொல்லப் போறோமா? அவங்க சொகுசுக்காகக் கட்டுற வீட்டுல அவங்களே பயந்து பயந்து சமைச்சா என்ன பிரயோஜனம்? கல் தேர்வு பண்றதுக்கு முன்னாடி சமைக்கிறவங்களைக் கேளுங்க. பல வீட்டுல கேக்கறதே இல்லை. இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்ல பார்த்த வெள்ளைக் கிச்சனைக் காட்டி "நல்லாயிருக்கா"ன்னு மட்டும் கேப்போம். நல்லாத்தான் இருக்கும்.

கணக்கு

இப்போ காசுக்கு வருவோம். கீழ வர்ற விலை எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டது. உங்க ஊர்க் கடை விலையைப் போட்டுப் பாருங்க.

சின்ன எல் வடிவ மேடை, 16 அடி நீளம், 2 அடி அகலம். 32 சதுர அடி வருது. வெட்டுல வீணாகறது, பின்பக்கப் பட்டை எல்லாம் சேர்த்து 40 சதுர அடி வச்சுக்குவோம். கறுப்பு கிரானைட் சதுர அடி 180 ரூபாய்னா 7,200. குவார்ட்ஸ் 500 ரூபாய்னா 20,000. வித்தியாசம் 12,800.

"அவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு பெரிய பதிவு?"ன்னு கேக்கலாம். கையில இருக்கிற காசுன்னா அவ்வளவுதான். போனஸ்ல பிடிச்சதை வாங்குங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வீட்டுக் கடன்ல சேர்ந்தா கதை வேற. 8.5 சதவீத வட்டியில 20 வருஷத்துக்கு ஒரு லட்சம் வாங்கினா மாசம் சுமார் 868 ரூபாய், மொத்தம் கட்டுறது 2 லட்சத்து 8 ஆயிரத்துக்கும் மேல. அதாவது கடன்ல வாங்குற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரெண்டு ரூபாய்க்கு மேல திருப்பிக் கட்டுறீங்க. அந்த 12,800 வித்தியாசம் 26,600-ஐத் தாண்டிடும்.

அதோட குவார்ட்ஸ் தனியா வர்றது அபூர்வம். வெள்ளை மேடை போட்டா கீழ பழைய மாதிரி சிமெண்ட் ஸ்லாப் தட்டு நல்லா இருக்காதுன்னு மாடுலர் அலமாரி வரும், அதுக்கு ஏத்த சிம்னி வரும், ஃபால்ஸ் சீலிங் வரும். மேடையில ஆரம்பிச்ச ஆசை ரெண்டு லட்சத்துல போய் நிக்கும். அப்போதான் கொட்டேஷன் கொடுத்தவர் மெதுவா சொல்வார்: "ஜீரோ பர்சன்ட் இஎம்ஐ இருக்கு சார்."

நம்ம சேனல்ல பல தடவை சொன்னதுதான், இருந்தாலும். ஜீரோ பர்சன்ட் வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பர்ல வங்கிகளுக்குச் சொல்லியிருக்கு. வட்டி எங்கேயாவது ஒளிஞ்சிருக்கும். பிராசசிங் கட்டணமா இருக்கலாம், ரொக்கமா கொடுத்தா கிடைச்சிருக்கக்கூடிய தள்ளுபடியா இருக்கலாம். கிரெடிட் கார்டு இஎம்ஐன்னா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற. "இன்னைக்கே முழுசா ரொக்கமா கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. அவர் குறைக்கிற தொகைதான் அந்த ஜீரோ பர்சன்ட்டோட நிஜ வட்டி.

ஆனைக்குட்டம் மாதிரி ஊருக்கு இந்தக் கணக்குல இன்னொரு வரி சேரணும். சுத்துவட்டாரத்துல நிறைய குடும்பம் பட்டாசு வேலையை நம்பி இருக்கு. தீபாவளி முடிஞ்சா வேலை குறையும், மழை பேஞ்சா நிக்கும், விபத்து நடந்தா சோதனை, மூடல். 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு ஆலைகள் மாசக்கணக்குல மூடிக் கிடந்ததை அந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டாங்க. அந்த மாதிரி மாசத்துல வீட்டுக்கு நிச்சயமா வர்ற ஒரே பணம் உங்க சம்பளம்தான். அந்தச் சம்பளத்துல ஒரு இஎம்ஐயைக் கூடுதலா ஏத்தினா, வேலை இல்லாத மாசத்துல மளிகைக்கு அனுப்புற தொகைதான் முதல்ல குறையும். அதனாலதான் ஊர்ல கட்டுற வீட்டுக்கு நான் இவ்வளவு கறாரா பேசறேன். பெங்களூர்ல ரெண்டு பேர் சம்பாதிக்கிற ஃபிளாட்டா இருந்தா உங்க இஷ்டம்னு விட்டிருப்பேன்.

கிரானைட்டும் குறையில்லாதது இல்லை

கிரானைட் நம்ம மாநிலத்துலயே வெட்டி எடுக்கிற கல். கிருஷ்ணகிரி, தர்மபுரி, மதுரைன்னு பல இடத்துல குவாரி இருக்கு. அடர் நிறக் கல்லுல தோசைக்கல்லை வைக்கலாம், மஞ்சள் கண்ணுக்கே தெரியாது. ஆனா வெளிர் நிறக் கிரானைட் எடுத்தீங்கன்னா குவார்ட்ஸை விட மோசமா கறை பிடிக்கும். காஷ்மீர் ஒயிட்னு ஒண்ணு விக்கிறாங்க. பேர்தான் காஷ்மீர், கல் வர்றது நம்ம மதுரைப் பக்கத்துல இருந்து! அழகான கல், ஆனா நுண்துளை அதிகம், எண்ணெயைக் குடிக்கும். அது மாதிரி கல்லுக்கு சீலர் அவசியம்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. கடையில பாலிஷ் போட்ட சாம்பிள் துண்டு கேளுங்க, குவார்ட்ஸ் ஒண்ணு, கிரானைட் ஒண்ணு. வீட்டுக்குக் கொண்டு வந்து ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பத்து நிமிஷம் பாருங்க. கல் அந்த இடத்துல கறுத்தா தண்ணியைக் குடிக்குதுன்னு அர்த்தம். அப்புறம் சூடான நல்லெண்ணெயில மஞ்சள்தூள் கலந்து ஒரு பொட்டு, டீ டிக்காஷன் ஒரு பொட்டு, மார்க்கர்ல ஒரு கோடு. ஒரு நாள் முழுக்க விட்டுட்டு, அம்மா எப்படிக் கழுவுவாங்களோ அப்படியே அவங்களையே கழுவச் சொல்லுங்க. போகலைன்னா அந்தக் கல் வேண்டாம். ஓரத்துல பாலிஷ் இல்லாத இடத்துல சோதிக்காதீங்க, அங்க எந்தக் கல்லும் கறை பிடிக்கும். அதனாலதான் சிங்க்குக்கு வெட்டுற ஓட்டையோட ஓரத்தையும் பாலிஷ் பண்ணச் சொல்லிக் கேட்டு வாங்கணும். சாம்பிள் தர மறுக்கிற கடையில நான் வாங்க மாட்டேன்.

கல்லை வெட்டுறவர்

இதை யாரும் கொட்டேஷன்ல எழுத மாட்டாங்க. குவார்ட்ஸ் பலகையை உலர்வா வெட்டும்போது பறக்கிற தூசியில பெரும்பகுதி சிலிக்கா. அந்த மாதிரி பலகையில 90 சதவீதத்துக்கு மேல சிலிக்கா இருக்கலாம், கிரானைட்ல பொதுவா பாதிக்கும் கீழதான். அந்த நுண்தூசி நுரையீரல்ல போய்த் தங்கினா சிலிகோசிஸ் வரும். வந்தா குணப்படுத்த முடியாது. சின்ன வயசுக்காரங்களையே அது பாதிச்சதைப் பார்த்துதான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்த வகைப் பலகையைத் தயாரிக்கவும் விக்கவும் வெட்டவும் பொருத்தவும் தடை போட்டது. உலகத்துல முதல் நாடு அதுதான். அதுக்கு அப்புறம் சில கம்பெனிகள் சிலிக்கா குறைச்ச பலகையையும் கொண்டு வந்திருக்கு.

நம்ம ஊர்ல எப்படி நடக்குது? வீட்டு வாசல்ல பலகையைச் சாய்ச்சு வச்சு, கட்டிங் மெஷினை ஓட்டி, வாயில ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு ஒரு பையன் வெட்டுவான். தெரு முழுக்க வெள்ளைப் புழுதி. வேலை செய்யற இடத்துத் தூசியும் மருந்தும் உடம்பை என்ன பண்ணும்னு சிவகாசி சுத்துவட்டாரத்துக்கு வெளியில இருந்து வந்து யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிறகு ஏன் நம்ம வீட்டு வாசல்ல மட்டும் கண்டுக்காம விடறோம்? குவார்ட்ஸோ கிரானைட்டோ, சிங்க் ஓட்டை, அடுப்பு ஓட்டை எல்லாத்தையும் கடையிலயே தண்ணி ஊத்தி வெட்டிக் கொண்டு வரச் சொல்லுங்க. அளவு சரியா கொடுத்தா முடியும். அதுக்குக் கூடுதலா கேட்டா கொடுத்துடுங்க. பொருத்தும்போது சின்னதா இழைக்க வேண்டி வந்தா ஒருத்தர் தண்ணி விடட்டும், வெட்டுறவருக்கு ஒரு என்95 மாஸ்க் வாங்கிக் கொடுங்க. நானோ கோட்டிங்கை வேண்டாம்னு சொன்னதுல மிச்சமான காசு இருக்கே.

ஏற்கனவே போட்டுட்டோம், சூட்டுத் தழும்பும் வந்துடுச்சுன்னா?

மேடையை மாத்தாதீங்க. ஒரு கைப்பிடி அளவு பழுப்பு வட்டத்துக்காக முழுப் பலகையை எடுத்தா கீழ இருக்கிற அலமாரி, டைல்ஸ், சிங்க் இணைப்பு எல்லாமே கலையும். புதுப் பலகையும் அதே நிறத்துல கிடைக்காது. அந்த இடத்துல காய் வெட்டுற பலகையையோ பெரிய பிரிமணையையோ நிரந்தரமா வச்சுடுங்க. ரொம்பவே உறுத்தினா, அடுப்புக்குப் பக்கத்து ரெண்டு அடியை மட்டும் வெட்டி எடுத்து அங்க கறுப்பு கிரானைட் பதிக்க முடியுமான்னு மேஸ்திரியைக் கேளுங்க. புதுசா கட்டுறவங்களும் இதை யோசிக்கலாம்: அடுப்பு இருக்கிற பக்கம் முழுக்க கிரானைட், சாப்பாடு எடுத்து வைக்கிற பக்கம் மட்டும் குவார்ட்ஸ். ரெண்டு கல் சேர்ற இடத்துல இடைவெளி இல்லாம நிரப்பி, மட்டம் சரியா இருக்கான்னு ஸ்கேல் வச்சுப் பார்த்துட்டு மீதிப் பணத்தைக் கொடுங்க.